மாவு கரைக்காத முகாம்

புதன்கிழமை காலையில் அந்தக் கடிதம் வந்தது. வொய்ராம்பா ஊர்க்காவல் படையின் முப்பத்தொரு பேரும் வருகிற திங்கட்கிழமை மாவட்டப் பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கியோடு வர வேண்டும். மூன்று நாள் பயிற்சி. புதுச் சீருடை தரப்படும். துப்பாக்கிகளின் எண்கள் பதிவு செய்யப்படும். கீழே மாவட்டப் பாதுகாப்பு அதிகாரி கஷாவின் கையெழுத்து, ஊதா முத்திரை. சுற்றியிருந்த ஆறு ஊர்ப் படைகளுக்கும் இதே கடிதம் போயிருந்தது. எல்லாரையும் சேர்த்தால் இருநூறு பேருக்குக் குறையாது.

படைத் தலைவன் பெலெத்தே கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி வுடேயின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். இருநூறு பேர், மூன்று நாள்.

மாவட்ட அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் சாப்பாட்டுக்கு, தோசை போல வார்க்கும் இஞ்ஜெரா அவள் கொட்டகையிலிருந்துதான் போகும். நான்கு அடுப்பு, ஐந்து பெண்கள், நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்கள் ஆறு. தெஃப் தானிய மாவைக் கரைத்து மூன்று நாளாவது புளிக்கவிட்டால்தான் இஞ்ஜெராவின் மேல் துளைத்துளையாகக் கண் விழும். திங்கட்கிழமை மதியச் சாப்பாடு என்றால் வெள்ளிக்கிழமைக்குள் மாவு பீப்பாயில் இருக்க வேண்டும். அலுவலக ஸ்டோர்காரர் வழக்கமாக ஒரு வாரம் முன்பே ஆள் அனுப்பிவிடுவார். வுடே பீப்பாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. யாரும் வரவில்லை.

அவளுடைய சந்தேகம் முதலில் போய் விழுந்தது தாங்குத் மேல். மேல்சந்தையில் கொட்டகை போட்டிருப்பவள். போன வருடம் ஆசிரியர் மாநாட்டு வேலையை ஸ்டோர்காரருக்கு ஒரு கோழியைக் கொடுத்துத் தட்டிக்கொண்டு போனாள் என்று வுடேவுக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. சனிக்கிழமை காலை மழை விட்டதும் நெதெலாத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே அங்கே போனாள்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன் தாங்குத். பள்ளிக்கூடத்து வேலை உனக்கா வந்துச்சு?"

தாங்குத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கே கூத்து. நீ வாங்கிட்டு மூச்சு காட்டாம இருக்கேன்னு நான் ரெண்டு நாளா உன்னைத் திட்டிட்டு இருக்கேன்" என்றாள்.

"எனக்கு வரலை."

"எங்கிட்ட ஒளிக்காதே. பங்கு கேக்க மாட்டேன்."

"மரியாள் மேல ஆணை. என் பீப்பாய் எல்லாம் கவுந்து கிடக்கு, வந்து பாரு."

தாங்குத் கத்தியை வைத்தாள். அவள் கொட்டகையிலும் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மூலையில் நாய் ஒன்று சாம்பலில் சுருண்டு படுத்திருந்தது.

"அப்போ டவுன்லருந்து ரொட்டி கொண்டு வருவாங்களோ?"

"ரொட்டியா? போன தடவை ரொட்டி குடுத்தப்போ போலீஸ்காரனுங்களே மாட்டுக்குப் போட்டானுங்க."

"என் வீட்டுக்காரர்கிட்ட விறகும் கேக்கலை" என்றாள் தாங்குத் மெதுவாக. "கடலைமாவும் கேக்கலையாம், மச்சினன் சொன்னான். இருநூறு ஆம்பளை, மூணு நாளு. தண்ணிய குடிச்சுட்டா பயிற்சி எடுப்பானுங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை போட்டியாக இருந்தது சட்டென்று வேறொன்றாக மாறிவிட்டது வுடேவுக்குத் தெரிந்தது.

தாங்குத் எழுந்து வாசலில் தலையை நீட்டித் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். "வுடே, நான் இப்ப ஒண்ணும் பேசலை. நீயும் இன்னிக்கு இங்க வரலை. சரிதானே?"

"சரி" என்றாள் வுடே.

வீட்டுக்கு வந்ததும் பெலெத்தேயிடம் சொன்னாள். அவன் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அந்தத் துப்பாக்கியை இரண்டு வருடத்துக்கு முன்னால், வடக்கே போர் மூண்டபோது, மாவட்ட அலுவலக மைதானத்தில் வைத்து அரசாங்கம்தான் அவன் கையில் கொடுத்தது. மேளம் அடித்தார்கள். கஷாவே வந்து தோளில் மாட்டிவிட்டார். பெலெத்தே ராணுவத்தோடு தோள் சேர்ந்து எட்டு மாதம் சண்டை போட்டான். இடது தோளில் இன்னும் ஒரு துண்டு இரும்பு இருக்கிறது. மழைக்காலத்தில் குடையும். அப்படிக் கொடுத்த துப்பாக்கியை இப்போது திரும்ப வாங்கப் பார்க்கிறார்கள் என்று ஊருக்குள் வசந்தகாலத்திலிருந்தே பேச்சு. மாநிலத்தின் சிறப்புப் படையைக் கலைத்ததிலிருந்து வந்த பேச்சு அது. அந்தச் சிறப்புப் படையில் இருந்த வுடேயின் தம்பி சிமெனே, கலைத்த அன்றே துப்பாக்கியோடு மலைக்குப் போய்விட்டான். அவனோடு போனவர்கள் இன்று ராணுவத்தின் வண்டிகளைச் சுடுகிறார்கள்.

"ராணுவத்துல டப்பா சாப்பாடு கொண்டு வருவாங்க" என்றான் பெலெத்தே.

"டப்பாவுல மாட்டுக்கறிதானே இருக்கு? இது மரியாள் நோன்பு. இருநூறு பேர்ல ஒருத்தன் தொடுவானா?"

அவன் துணியைத் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு இழுத்தான்.

"நான் சொல்றது காதுல விழுதா? சோறு போடற எண்ணம் இருக்கறவன் மாவு கரைக்கச் சொல்லுவான்."

"இது உன் மூளையா, உன் தம்பி மூளையா?"

"என்ன பேசறீங்க?"

"அவனை எப்போ பார்த்தே?"

"ஈஸ்டருக்கு அப்புறம் கண்ணாலகூடப் பாக்கலை."

பொய். இரண்டு வாரத்துக்கு முன் மிக்காயேல் ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனபோது சிமெனே பாறைக்குப் பின்னாலிருந்து வந்தான். ஒரு பை வறுத்த பார்லியை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பெலெத்தே அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நம்பினானா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அந்த முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தூறல். கஷாவ் தன் கைத்தடியை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். முழங்கால் வாதம், பல வருடமாக. பெலெத்தேயைப் பார்த்ததும் தோளோடு தோள் இடித்து வணக்கம் சொன்னார்.

"நாளைக்கு ஆளுங்க எல்லாரும் வந்துருவாங்கல்ல தம்பி?"

"வந்துருவாங்க ஐயா. சாப்பாட்டுக்குத்தான் ஒரு வார்த்தை கேக்கலாம்னு. பசங்க கையில சத்துமாவு கட்டிட்டு வரட்டுமா?"

கஷாவ் சிரித்தார். "எதுக்கு? எல்லாம் ஏற்பாடு ஆயாச்சு. உன் வீட்டு இஞ்ஜெரா இருக்கும்போது எவன்டா சத்துமாவு திம்பான்? பாவம், உன் பெண்டாட்டிக்குத்தான் நாலு நாளா இடுப்பு ஒடிஞ்சிருக்கும்."

அவருக்குப் பின்னால் ஒரு குடைக்கடியில் முகத்தை மூடிக்கொண்டு நின்ற பெண்களில் வுடேயும் இருந்தாள். கஷாவ் அவளைக் கவனிக்கவில்லை. பெலெத்தே கவனித்திருந்தான். ஒரு நொடி அவன் கண் அவள் மேல் வந்து நின்றது.

"ஆமாங்கய்யா" என்றான். "அடுப்பை விட்டு எழுந்திரிக்கவே இல்லை."

மதியம் அவன் படையின் துணைத் தலைவன் அன்முத்தை வரச்சொல்லி, வாசலிலேயே நின்று பேசினான். அன்முத் ஒப்புக்கொள்ளவில்லை.

"ரெண்டு வருஷமா கஷாவ் ஐயா மாசம் தவறாம சம்பளம் குடுத்தாரு அண்ணே. இஞ்ஜெரா வரலைன்னு சொல்லி மலையேறச் சொல்றீங்க. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அங்க போனா மட்டும் மாலை போட்டு உக்கார வைப்பானுங்களா? நேத்து வரைக்கும் நாமதான் அவனுங்களைத் தேடிட்டு இருந்தோம்."

"நீ உன் பாட்டுக்குப் போ. நான் தடுக்கலை. நான் கேட்டதை மட்டும் வெளிய சொல்லாதே."

அன்முத் போன பிறகு, பொழுது சாயும் நேரத்தில், பெலெத்தே செருப்பை மாட்டினான். வயர்லெஸ்ஸுக்கு பாட்டரி வாங்கிவர கஷாவ் வீடு வரை போய்வருகிறேன் என்றான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினான். கையில் பாட்டரி இல்லை. வுடே அதைக் கவனித்தாள். கேட்கவில்லை.

விடிவதற்குச் சற்று முன் யூகலிப்டஸ் தோப்பில் ஆட்கள் கூடினார்கள். பெலெத்தேயையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் மலைக்குப் போனார்கள். அன்முத்தையும் சேர்த்து மீதி ஒன்பது பேர் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

அந்த ஒன்பது பேரும் வியாழக்கிழமை நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள். துப்பாக்கி இல்லை, இடுப்பு பெல்ட் இல்லை, ஷூவில் கயிறு இல்லை. முதல் நாள் வாசலிலேயே எண் எழுத வேண்டுமென்று துப்பாக்கிகளை வாங்கி மேசையில் அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே போய் வகுப்பறையில் உட்கார்ந்ததும் வெளியே பூட்டு விழுந்தது. பின்பக்க ஜன்னலில் பார்த்தவன் துப்பாக்கிகள் லாரியில் ஏறுவதைப் பார்த்தான். மூன்று நாளும் தண்ணீரும் ஆளுக்கு ஒரு பிடி வறுத்த பார்லியும்தான். மற்ற ஊர்த் தலைவர்கள் நான்கு பேர் இன்னும் திரும்பவில்லை.

அன்முத் நேரே வுடேயிடம் வந்தான். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"நீங்க சொன்னதுதான் அண்ணி சரியாப் போச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"அதான், இஞ்ஜெரா..."

"நான் ஒண்ணும் சொல்லலையே அன்முத். அவரு எங்க போனாருன்னும் எனக்குத் தெரியாது."

உண்மையாகவே வருத்தப்பட்டு வந்தானா, அவள் வாயிலிருந்து ஏதாவது பிடுங்கிக்கொண்டுவரச் சொல்லி விட்டார்களா? யாருக்குத் தெரியும். மற்ற எட்டு பேருக்கும் கன்னம் வீங்கவில்லை என்பதையும், அப்படிப் பார்த்தால் அவளை நம்பவைக்க வேண்டுமென்றே உண்டாக்கிக்கொண்ட வீக்கமாகக்கூட இருக்கலாம் என்பதையும் அவள் நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மறுநாள் ஒரு இளம் லெப்டினன்ட் வந்தான். பிற ஊர்க்காரன். மரியாதையாகத்தான் பேசினான், உட்காரச் சொன்னபோதுகூட வேண்டாமென்று நின்றுகொண்டான்.

"போன சனிக்கிழமை மேல்சந்தைக்கு எதுக்குப் போனீங்க அம்மா?"

"வெங்காயம் வாங்க."

"வாங்கினீங்களா?"

"விலை கூட. வாங்கலை."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவள் அங்கே போனது தாங்குத்துக்குத்தான் தெரியும். தெருவில் பார்த்தவர்களும் இருக்கலாம், மழை விட்டிருந்த நேரம். ஆனாலும் அன்றிலிருந்து தாங்குத்தைப் பார்த்தால் வுடே அடுத்த சந்தில் திரும்பிப் போனாள். தாங்குத்தும் அப்படியே செய்தாள். அவளுக்கும் யாரோ இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள் போல.

நான்கு நாள் கழித்து விறகு விற்கும் ஒரு பெண் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, "புதன்கிழமை மதியம் மிக்காயேல் ஊத்துல தண்ணி நல்லா வருதாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வுடே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கணவன் வருவான் என்று அவன் சட்டை ஒன்றைக் குடத்துக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வந்தது சிமெனே.

தாடி வளர்த்திருந்தான். தலைமுடியும் தோள் வரை. அக்காவைக் கட்டிப்பிடித்துத் தோளில் முத்தமிட்டான். பிறகு ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னான். அந்தத் தோரணை அவளுக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் உட்காரச் சொல்வது போல இருந்தது.

"அவரு எங்க?"

"நல்லா இருக்காரு. தனியா வெச்சிருக்கோம். அவங்க இருபத்திரண்டு பேருக்கும் ஒரே இடத்துல காவல் வேலை குடுக்கறதில்லை. எங்க ஆளு ஒருத்தன் கூட இருப்பான்."

"ஏன்?"

"ஏன்னா கேக்கறே? ரெண்டு வருஷம் கவர்மென்ட்டு சோறு தின்னவங்க. போன மாசம் எங்களைத் தேடி இந்த மலைய சல்லடை போட்டவங்க. இப்ப திடீர்னு வந்து நிக்கறாங்க. எதுக்குடா வந்தீங்கன்னு கேட்டா, இஞ்ஜெரா சுடலை அதனால வந்தோம்னு சொல்றாரு உன் புருஷன்." சிமெனே சிரிக்கவில்லை. "எங்க தலைவர் கேக்கறாரு, இது ஒரு கதையான்னு. கஷாவ் சொல்லிக் குடுத்து அனுப்பியிருந்தா இப்படித்தானே சொல்லுவாங்கன்னு."

"கதை இல்லை. என் பீப்பாய்தான் கவுந்து கிடந்துச்சு. நான்தான் அவருகிட்ட சொன்னேன்."

"சரி. கோயில்ல கஷாவ் சொன்னதை?"

"என் காதால கேட்டேன்."

"அதுக்கப்புறம்? ஞாயித்துக்கிழமை மதியத்துலருந்து காலைல கிளம்பற வரைக்கும் அவரு எங்கயும் போகலையா?"

ஊற்று நீர் கல்லில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிமெனேயின் கண் அவள் கண்ணை விட்டு நகரவில்லை. சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும் பையன், இன்று அவள் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டரி வாங்கப் போன கதையைச் சொன்னால் இன்று சாயங்காலத்துக்குள் பெலெத்தே உயிரோடு இருக்க மாட்டான். சொல்லாவிட்டால்? அங்கே என்ன பேசினான் என்று அவளுக்கே தெரியாது.

"வீட்டுலதான் இருந்தாரு" என்றாள்.

"மரியாள் மேல சத்தியமா?"

நோன்பு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவள் சத்தியம் செய்தாள்.

சட்டையைக் கொடுத்தனுப்பினாள். இறங்கி வரும்போது குடத்தில் தண்ணீர் நிரப்ப மறந்துவிட்டது பாதி வழியில்தான் தெரிந்தது. வெறுங்குடத்தோடு வந்தால் சாலையில் நிற்கும் சிப்பாய் கேட்பானே என்று திரும்பவும் ஏறிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை மலையிலிருந்து இறங்கி வந்து வொய்ராம்பாவைப் பிடித்தார்கள். முன்னணியில் விடப்பட்டது பெலெத்தேயின் ஆட்கள்தான். போலீஸ் நிலையத்தின் பின்சுவர் எங்கே இடிந்திருக்கிறது, எந்த மணல்மூட்டைக்குப் பின்னால் யார் உட்காருவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களோடு இரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ராணுவம் முந்தின நாளே பெரிய சாலைக்குப் பின்வாங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. போலீஸ்காரர்கள் மூன்று பேர் செத்தார்கள். பெலெத்தேயின் ஆட்களில் இரண்டு பேர். கஷாவ் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பிடிபட்டார். முழங்கால் மடங்கவில்லையாம், எழுந்து ஓடவே பார்க்கவில்லையாம்.

அவரையும் பதினோரு போலீஸ்காரர்களையும் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். மலைத் தலைவர் மறுநாள் வந்து விசாரிப்பார் என்று பேச்சு. கைதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை வுடேவுக்கு வந்தது. வாசலில் காவல் நின்றவன் பெலெத்தேயின் ஆள். அவளைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டான்.

கஷாவ் ஒரு தனி அறையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கைத்தடியைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அவள் தட்டை வைத்தாள். போய்விடத்தான் நினைத்தாள்.

"ஐயா, அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட வந்தாரே. எதுக்கு?"

கஷாவ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் ஏதோ கணக்குப் போடுவது போல இருந்தது.

"உங்கிட்ட சொல்லலையா? எங்க பசங்க துப்பாக்கியை மட்டும் தொடாம விட்டுருங்க, உங்களுக்கு சிமெனேயைப் பிடிச்சுத் தர்றேன்னான். எந்த ஊத்துக்கு வருவான்னு அவனுக்குத் தெரியுமாம். நீ பார்லி கொண்டுபோய்க் குடுக்கறது உட்பட."

"பொய்யி. சாகறதுக்கு முன்னாடி எங்களைப் பிரிச்சுவிடப் பாக்கறீங்க."

"பொய்யா இருந்தா, அன்னிக்கே ஏன் உங்க வீட்டுக்கு ஆள் வரலை? வர்றதா இருந்துச்சும்மா. அவன் பேச்சைக் கேட்டு நான்தான் காலைல பாத்துக்கலாம்னு நிறுத்தினேன்." இஞ்ஜெராவில் ஒரு துண்டைக் கிழித்தார். "என் முட்டாள்தனம்."

பெலெத்தே பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் அருகில் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சொன்னேன். சொல்லலைன்னா, சாப்பாட்டைப் பத்திக் கேட்டதை வெச்சே அன்னிக்கே நம்மளைத் தூக்கியிருப்பான். ஒரு ராத்திரி டைம் வேணும்னு இருந்துச்சு. வாங்கினேன்."

"நான் பார்லி குடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல பார்லி குறைஞ்சா தெரியாதா?"

"அவரு சரின்னு சொல்லியிருந்தா?"

"யோசிக்கிறேன்னு சொன்னாரு."

"நான் கேட்டது அது இல்லை. சரி, துப்பாக்கியை நீங்களே வெச்சுக்கங்க, சிமெனேயைக் கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் குழாயை மூடினான். ஈரக்காலைச் செருப்புக்குள் நுழைத்தான்.

"சொல்லலையே" என்றான். பிறகு, "கஷாவ் வேற யார்கிட்டயாவது சொன்னானா இதை?" என்று கேட்டான்.

அவனிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மதியம் தாண்டி இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. கஷாவைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது தப்பி ஓடப் பார்த்தார், சுட வேண்டியதாகிவிட்டது என்றான் காவலுக்கு நின்றவன். தடியில்லாமல் பத்து அடி நடக்க முடியாத மனிதர். அதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

சிமெனே அவளைத் தேடி வந்தான். கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, நீதான் அவருக்குக் கடைசியா சாப்பாடு கொண்டுபோனே. உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி கேட்டாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"அவரை விசாரிக்கணும்னு தலைவர் ரொம்ப எதிர்பார்த்துட்டு இருந்தாரு. நம்மாளுங்கள்ல யார் யாரு அவரோட தொடர்புல இருந்தாங்கன்னு தெரியணும்னு." சிமெனே தரையைப் பார்த்தபடி பேசினான். "இப்ப தெரியாமலே போச்சு."

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் ஒருவன் போவான். சொல்லாவிட்டால் இன்னொருவன், இன்றோ அடுத்த மாதமோ, அவனிடம் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்குவான். ஒருவேளை பெலெத்தே சொன்னது முழுக்க உண்மையாகவும் இருக்கலாம். ஒரு ராத்திரி வாங்குவதற்கு எதை வேண்டுமானாலும் சொல்லுவான். அந்த ராத்திரிதான் இருபத்திரண்டு பேரைக் காப்பாற்றியது. அவள் துணியைப் பிழிந்து வைத்தாள்.

"சிமெனே."

"என்னக்கா?"

"மலையில நடக்கும்போது நீ யாருக்கும் முன்னால நடக்காதே."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆறாம் நாள் ட்ரோன் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ராணுவம் பெரிய சாலையிலிருந்து திரும்பி வருகிறது என்று சேதி. ஊரைக் காத்துக்கொண்டு உட்காருவது நமக்கு வேலையில்லை, அடித்துவிட்டு ஒதுங்குவதுதான் நம் சண்டை என்று மலைத் தலைவர் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் சோதனைச்சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பெலெத்தேயின் ஆட்கள், இப்போது மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொண்டார்கள். சீருடையைக் கழற்றித் தோட்டத்தில் புதைத்துவிட்டு விவசாயிகளைப் போலக் கபி போர்த்திக்கொண்டார்கள். உள்ளே துப்பாக்கி.

பெலெத்தே வீட்டுக்கு வந்து இரண்டு சட்டையும் ஒரு பை சத்துமாவும் எடுத்துக்கொண்டான். "நீ பஹிர்தார்ல உன் அக்கா வீட்டுக்குப் போயிரு" என்றான். அவள் போகவில்லை என்றாள். அவன் வற்புறுத்தவில்லை. தோளில் முத்தமிட்டான். அவனுடைய மூச்சில் வெங்காயவாடை அடித்தது. அந்த நேரத்தில் அவன் மேல் அவளுக்கு இருந்த பிரியத்தில் ஒரு துளியும் குறையவில்லை. நம்பிக்கைதான் எங்கோ போய்விட்டிருந்தது.

யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டி மலைப்பாதை ஒற்றையடியாகக் குறுகும். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். வுடே வேலியோரம் நின்று பார்த்தாள். சிமெனே பாதையின் வாயில் வந்ததும் நின்றான். ஓரமாக ஒதுங்கி, கையை நீட்டி, "நீங்க போங்க மாமா" என்றான் பெலெத்தேயிடம். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

பெலெத்தே நகரவில்லை. மைத்துனனைப் பார்த்தான். பிறகு திரும்பி, வேலியோரம் நின்ற மனைவியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பாதையில் காலை வைத்து ஏறத் தொடங்கினான். பின்னால் சிமெனே ஏறினான்.

ராணுவம் வந்து, அன்முத்தைத் தலைவனாகப் போட்டுப் புதிதாக ஒரு ஊர்க்காவல் படையைக் கட்டியது. வுடேயை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்து விட்டுவிட்டார்கள். மஸ்கல் பண்டிகைக்குள் மழை நின்றது. விறகுக்காரப் பெண்கள் மூலம் மலையிலிருந்து அவ்வப்போது சேதி வரும். இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஒரே பிரிவில், பெலெத்தே தலைவனாக, சிமெனே அவனுக்குத் துணையாக. பெரிய சாலையில் இரண்டு வண்டிகளை எரித்தார்கள் என்று சொன்னார்கள்.

இருவரும் தனித்தனியாகத்தான் அவளுக்குச் சொல்லியனுப்புவார்கள். நலம் விசாரிப்பார்கள், உப்பு கேட்பார்கள். கடைசியில் இருவருமே ஒரே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்: அவன் உன்னிடம் ஏதாவது சொல்லியனுப்பினானா?

இல்லை என்றே வுடே இருவருக்கும் பதில் சொல்லியனுப்பினாள்.